நட்ட கன்னு ஏன் பட்டுப்போகுது? மண்ணுக்குள்ள நடக்கறத பாப்போம்

சென்னையில எங்க தெருவுல ஒரு ஜூன் 5 அன்னைக்கு, சுற்றுச்சூழல் தினம்னு 18 மரக்கன்னு நட்டாங்க, எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல, இலையும் கிளையுமா பாக்கவே அவ்ளோ அழகா இருந்துச்சு. அடுத்த சித்திரைக்குள்ள 14 பட்டுப்போச்சு. யாரும் தண்ணி ஊத்தலைன்னு தெருவுல பேசிக்கிட்டாங்க, ஆனா நாலஞ்சு வீட்டுக்காரங்க தினமும் ஊத்தினது எனக்கு தெரியும், நானும் ஊத்தினேன். மனசு கேக்காம பட்டுப்போன ஒண்ண தோண்டி எடுத்து பாத்தேன். பத்து மாசம் ஆகியும் வேர் மொத்தமும் நர்சரி பை என்ன வடிவத்துல இருந்துச்சோ அதே வடிவத்துல உருண்டையா, கயிறு சுத்தின மாதிரி சுத்திக்கிட்டு இருந்துச்சு. வெளி மண்ணுக்குள்ள ஒரு வேர் கூட போகல.

இது ஏன் நடக்குதுன்னு புரிஞ்சா மத்ததெல்லாம் புரிஞ்சிடும்.

இலையில இருந்து தண்ணி ஆவியாகும்போது அது கீழ இருக்கற தண்ணிய இழுக்குது, அந்த இழுவை தண்டு வழியா வேர் நுனி வரைக்கும் ஒரே சரம் மாதிரி போகுது. தண்ணிய உறிஞ்சற வேலைய பெரும்பாலும் செய்யறது தடிச்ச வேர் இல்ல, நுனிப்பக்கம் இருக்கற மெல்லிசு வேரும் அதுல முடி மாதிரி இருக்கற வேர்த்தூவியும்தான். தூவிக்கு ஆயுசே கொஞ்ச நாள்தான், வேர் வளர வளர புதுசு வந்துக்கிட்டே இருக்கணும். பைய கிழிக்கும்போதும் கன்ன தூக்கி வைக்கும்போதும் இதுல நிறைய அறுந்துபோகுது. மேல இலை அப்படியே இருக்கு, கீழ வாய் குறைஞ்சுபோச்சு. இழுவை ரொம்ப அதிகமானா அந்த தண்ணி சரம் நடுவுல அறுந்து காத்துக்குமிழி அடைச்சிக்கும், அந்த குழாய் திரும்ப வேலைக்கு வர்றது கஷ்டம். அதுக்கு பயந்துதான் செடி இலைத்துளைய மூடிக்குது. மூடினா தண்ணி மிச்சம்தான், ஆனா கரியமில வாயு உள்ள வராது, சாப்பாடு தயாரிக்க முடியாது, புது வேர் விட சத்து இல்லாம போயிடும். அதனாலதான் ஆறடி கன்னுக்கு பதிலா மூணடி கன்னு நட்டா பல சமயம் அது முந்திக்குது, அதுக்கு இலையும் வேரும் கணக்கு சரியா இருக்கும். விழாவுல போட்டோவுக்கு பெரிய கன்னுதான் வேணும்னு கேக்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

சரி, தினமும் ஊத்தின தண்ணி எங்க போச்சு? பை மண்ணும் தெரு மண்ணும் ஒண்ணு இல்ல. பையில செம்மண்ணும் எருவும், வெளிய மணலோ, களியோ, கட்டட இடிசலோ. நைஸா இருக்கற மண்ணுல இருந்து பெரிய துகளா இருக்கற மண்ணுக்கோ, அங்க இருந்து இங்கயோ தண்ணி சுலபமா தாண்டாது, அதனால சுத்தி இருக்கற மண்ணு ஈரமா இருக்கும்போதே வேர் உருண்டை உள்ளுக்குள்ள காஞ்சுபோயிருக்கலாம். முதல் சில வாரம் தண்டுக்கு பக்கத்துல உருண்டை மேலயே ஊத்தணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பாத்திய அகலமாக்கி வெளிய ஊத்தணும், வேர் தூரத்துல இருக்கற ஈரத்த தேடி போகாது, ஈரம் இருக்கற எடத்துலதான் வளரும். தினம் ஒரு சொம்பு ஊத்தறத விட நாலு நாளைக்கு ஒருக்கா ரெண்டு குடம் மெதுவா ஊத்தறது மேல். பக்கத்துல ஒரு மண்பானைய புதைச்சு ரொப்பி வெச்சா கசிஞ்சு கசிஞ்சு ஆழத்துல ஈரம் நிக்கும், நம்ம ஊருக்கு இதவிட நல்ல வழி எனக்கு தெரியல. மேல காஞ்ச இலையில மூடாக்கு போடணும், ஆனா தண்டு மேல ஒட்டாம, ஒட்டினா பட்டை அழுகும்.

நடும்போது பைய முழுசா எடுத்துடணும் (பாதி கிழிச்சு அப்படியே வெச்சத நான் நிறைய பாத்திருக்கேன்), சுத்திக்கிட்டு இருக்கற வேர பிளேடால மூணு நாலு எடத்துல மேலிருந்து கீழா கீறி விடணும். பயமா இருக்கும், ஆனா வெட்டின எடத்துல இருந்துதான் புது வேர் வெளிப்பக்கமா கிளம்பும். விட்டா அந்த சுத்தின வேர் மரம் பெருசானப்புறமும் அப்படியே தடிச்சு தண்டயே நெரிக்கும், புயல்ல பிடிப்பும் இருக்காது. குழிய ஆழமா விட அகலமா எடுக்கறது முக்கியம், பெரும்பாலான மர வேர் மேல ரெண்டடி மண்ணுலதான் படரும். களிமண்ணுல கடப்பாரை போட்டு சுவர் வழவழன்னு ஆயிட்டா அதையும் கொத்தி சொரசொரப்பா விடணும், இல்லன்னா பூந்தொட்டிக்குள்ள வளர்ற மாதிரி வேர் அங்கயே சுத்தும்.

அப்புறம் காலம். சென்னையில வருஷத்துக்கு சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, அதுல பெரும்பகுதி அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழையில வருது. ஜூன்ல கத்திரி முடிஞ்ச கையோட நட்டா கன்னுக்கு வேர் விட நேரமே இல்லாம வெயில்ல நிக்குது. செப்டம்பர் கடைசியிலயோ அக்டோபர்லயோ நட்டா மழை ஈரத்துல மூணு மாசம் வேர் ஓடிடும், அடுத்த கோடைய தாங்க அது பெரிய முதல். தேதிய மாத்தறதுக்கு ஒரு காசு செலவில்ல.

கோட்டூர்புரத்துல மாநகராட்சி போட்ட மியாவாக்கி காட்ட பாத்தவங்க, அது மட்டும் எப்படி வளருதுன்னு கேப்பாங்க. ஜப்பான் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியோட முறையில மண்ண ஆழமா பொலபொலன்னு கிளறி, எரு கலந்து, அந்த ஊர் வகைகள நெருக்கமா நட்டு, மூடாக்கு போட்டு ரெண்டு மூணு வருஷம் தண்ணி கொடுப்பாங்க. வேருக்கு காத்தும் ஈரமும் கெடைக்குது, அதான் ரகசியம். ஆனா நெழல் வேணுங்கறது நடக்கற தெருவுல, அங்க மண்ணு ரோடு ரோலர் போட்டு இறுகி, காத்து போக ஓட்டையே இல்லாம இருக்கு, மேல சிமெண்ட் வேற. டெல்லியில 2013-ல தேசிய பசுமை தீர்ப்பாயம் மரத்த சுத்தி ஒரு மீட்டருக்கு சிமெண்ட்ட எடுக்க சொல்லுச்சு. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல்ல சென்னையில ஆயிரக்கணக்கான மரம் சாய்ஞ்சப்போ, ஒரு பக்க வேர் மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் வெட்டுப்பட்டு கிடந்த மரங்கள நான் நேர்ல பாத்தேன், அந்த பக்கம் பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல.

காத்துன்ன உடனே கன்ன குச்சியோட சேத்து இறுக்கி கட்டிடாதீங்க. தண்டு காத்துல ஆடினாத்தான் அடிப்பகுதி தடிக்கும், வேரும் பலமாகும். தளர்வா, கொஞ்சம் தாழ்வா, சணல் கயித்துல கட்டி ஒரு வருஷத்துல அவுத்துடணும்.

2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்கு காடு, மரப் பரப்ப 33 சதவீதமா ஆக்கணும்ங்கறது இலக்கு. நட்டத எண்ணறதோட, மூணாவது கோடையில உயிரோட நிக்கறத எண்ணினாத்தான் அந்த கணக்கு வெளங்கும்.

எங்க தெருவுல பொழச்ச நாலுல ஒண்ணு புங்கம். மூணாவது மே மாசம் நாங்க யாரும் தண்ணி ஊத்தாமலே தளிர் விட்டுச்சு, வேர் பிடிச்சிடுச்சுன்னு அப்பதான் நிம்மதி வந்துச்சு. அத சுத்தி பாதுகாப்புக்கு வெச்சிருந்த இரும்புக் கூண்ட கழட்டினப்போ கம்பி ஒரு எடத்துல பட்டைக்குள்ள விரல் ஆழம் பதிஞ்சிருந்தது, இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா அந்த பக்கம் சத்து போற வழியே அடைஞ்சிருக்கும். இப்போ தழும்போட நிக்குது, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் நெழலுக்கு அங்கதான் நிக்குது.