தலை தொங்குனா உடனே தண்ணி ஊத்தாதீங்க

இந்த வாரமும் ஒரு ஹைட்ராஞ்சியா பூச்செடி செத்துப்போய் நம்ம நர்சரிக்கு வந்துச்சு. குன்னூர்லருந்து ஒரு அக்கா தொட்டியோட தூக்கிட்டு வந்து, "தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன் தம்பி, அப்படியும் தலை தொங்கிடுச்சு"ங்கறாங்க. கவுத்துப் பாத்தா தொட்டி அடியில ஓட்டையே இல்ல, உள்ள ஒரே சேறு, வேரைப் புடிச்சு இழுத்தா மேல்தோல் மட்டும் கொழகொழன்னு உருவிட்டு வருது, உள்ள நூலு மாதிரி நரம்பு நிக்குது, நாத்தம் வேற. அப்படியும் இல்லக்கா, அதனாலதான்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டாங்க.

எத்தன பேருக்குத்தான் சொல்றது. செடி வாடுறதுக்கு தண்ணி பத்தாதது ஒரு காரணம், ஒரே காரணம் இல்ல. கோயம்புத்தூர்ல இருக்கற சித்தி தினம் ஊத்துறாங்கன்னா அங்க அடிக்கிற வெயிலு அப்படி. நம்ம ஊட்டி 2200 மீட்டருக்கு மேல, ஜூன்ல ஒரு மழை புடிச்சா அது விட்டு அக்டோபர்ல இன்னொரு மழை, நடுவுல மிஸ்ட்டு, தொட்டி மண்ணு எப்பதான் காயும்? வேர் அழுகிட்டா தண்ணி எடுக்க ஆளில்ல, மேல இலை தொங்கத்தான் செய்யும், அதப் பாத்துட்டு நீங்க இன்னொரு சொம்பு ஊத்துவீங்க.

அதனால மொதல்ல விரல வெச்சுப் பாருங்க. ரெண்டு அங்குலம் உள்ள விடுங்க, ஈரமா இருந்தா சொம்பக் கீழ வெச்சுடுங்க. தொட்டியத் தூக்கிப் பாத்தாலே பாதி தெரியும், காஞ்சது லேசா இருக்கும், இலை முறுமுறுங்கும், அழுகுனது கனமா இருக்கும், அடி இலை மஞ்சளாகி தொளதொளன்னு ஆயிடும். ஹைட்ராஞ்சியா மத்தியானம் வெயில்ல தொங்குறது அதோட பழக்கம், சாயங்காலம் தானா நிமிந்துக்கும், அதுக்கெல்லாம் பதறாதீங்க.

நெசமாவே காஞ்சிருந்தா மேல ஊத்தறது வேஸ்ட்டு, காஞ்சு சுருங்குன தொட்டி மண்ணு தண்ணிய சட்டுனு உறிஞ்சாது, ஓரமா வழிஞ்சு ஓடிடும். பக்கெட் தண்ணியில தொட்டிய முக்கி வைங்க, குமிழி நின்னதும் எடுத்து நிழல்ல வடிய விடுங்க. பூ நெறைய இருந்தா பாதிய வெட்டிடுங்க, மனசு வராதுதான், செடி வேணுமா பூ வேணுமா?

அழுகுனதுன்னா வெளிய எடுத்து கெட்ட வேர வெட்டிட்டு, ஓட்டை இருக்கற தொட்டியில மணலு கலந்த புது மண்ணுல வைங்க, கிளையையும் கொஞ்சம் கழிச்சு விடுங்க. புது துளிர் வர்ற வரைக்கும் தயவுசெஞ்சு உரம் போடாதீங்க. யூரியா, டிஏபி எதுவும் வேணாம், சர்க்கரைத் தண்ணி, மாத்திரை எல்லாம் வாட்ஸ்அப்போட நிக்கட்டும்.

டிசம்பர், ஜனவரியில உறைபனி விழுந்து கருகுனது வேற கதை. அது மேல சுடுதண்ணி ஊத்துன மகராசனெல்லாம் இருக்காரு! சாயங்காலமே பழைய பெட்ஷீட்டு போட்டு மூடி, வெயில் வந்ததும் எடுத்துடுங்க, தாவரவியல் பூங்காவுல மிலார்ங்கற செடியோட கிளைய வெச்சு மூடுறதப் பாத்திருப்பீங்கல்ல, அதே வேலைதான். கருகுன கிளைய உடனே வெட்டாதீங்க, பனிக்காலம் முடியற வரைக்கும் அதுதான் உள்ள இருக்கற மொட்டுக்குப் போர்வை.

கடைசியா டாலியா, ஜெரேனியம், செண்டுமல்லி வெச்சிருக்கவங்க. மண்ணு சரியா இருந்தும் இலை பச்சையாவே இருந்து திடீர்னு படுத்துடுச்சுன்னா, அடித்தண்ட வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணியில நுனி மட்டும் படற மாதிரி பிடிங்க. சில நிமிஷத்துல வெள்ளையா பால் இழை கீழ இறங்குனா பாக்டீரியா வாடல் நோய், அத காப்பாத்த முடியாது, எங்கிட்டயும் தூக்கிட்டு வராதீங்க, பக்கத்து செடிக்கும் ஒட்டிக்கும். புடுங்கி எரிச்சிடுங்க, கத்தரிக்கோல ஸ்பிரிட் போட்டுத் தொடைங்க. அந்த மண்ண உருளைக்கிழங்கு, தக்காளி போட்ட பக்கம் மட்டும் கொட்டிடாதீங்க, அதுங்களையும் இதே நோய்தான் சாய்க்கும்.