‘நான்கு பருவம்’ என்று எழுதியிருந்தால் குடியிருந்துவிடலாமா?

பெப்ரவரி மாதத் தொலைபேசி அழைப்புகள் எனக்குப் பயத்தைத் தருகின்றன. கனடாவின் ஒன்ராறியோவில் வீட்டுப் பரிசோதகராக வேலை செய்கிறேன். டிரெயிலருக்குள் குளிரில் தவித்து என்னை அழைத்த குடும்பங்களில், இந்தக் குளிர்காலத்தில் இது நான்காவது. ஸ்காபுறோ வாடகை கட்டுப்படியாகாமல், கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தம்பதி, சேமிப்பை எல்லாம் கொட்டி வண்டியில் கொளுவி இழுத்துச் செல்லும் 28 அடி டிரெயிலர் ஒன்றை வாங்கியிருந்தார்கள். நான் போனபோது படுக்கையை ஒட்டிய சுவரில் பனி படிந்திருந்தது. மெத்தையின் அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சணம்.

“நான்கு பருவத்துக்கும் ஏற்றது என்றுதானே அண்ணா போட்டிருந்தார்கள்” என்றார் அந்தத் தம்பி.

தயவுசெய்து கேளுங்கள். ‘நான்கு பருவம்’ என்பது விற்பனையாளரின் சொல். அதற்கென்று தரநிர்ணயம் எதுவும் கிடையாது. தண்ணீர்த் தாங்கியின் அடியில் சற்றுச் சூடு போகும், குளிர் இரவுகள் சிலவற்றைச் சமாளிக்கலாம் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சாதாரண டிரெயிலரின் சுவர்த் தடிப்பு 2 அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம். மைனஸ் 25 பாகையில், ஐந்து மாதம், அதற்குள் ஒரு குழந்தையை வளர்ப்பதற்காக அதை யாரும் செய்யவில்லை. விளம்பரத்தை விடுங்கள், கதவருகே உள்ள தகட்டைப் பாருங்கள். அதில் கனடியத் தரநிர்ணய அமைப்பான சி.எஸ்.ஏ.யின் குறியீடு இருக்கும். சி.எஸ்.ஏ. இசட்240 ஆர்.வி. என்றிருந்தால் அது உல்லாசப் பயண வாகனம். இசட்241 என்றிருந்தால் பருவகாலத் தங்குமிடம். இசட்240 எம்.எச். என்றிருப்பதுதான் குடியிருக்கக் கட்டிய மொபைல் ஹோம். பழையதாக இருந்தாலும் அதைத்தான் தேடுங்கள்.

எரிவாயுக் கணக்கையும் எவரும் போட்டுப் பார்ப்பதில்லை. மணிக்கு 30,000 பி.டி.யூ. (வெப்ப அலகு) எரிக்கும் எரிவாயுச் சூடாக்கி இடைவிடாமல் எரிந்தால் 9 கிலோ புரொப்பேன் உருளை சுமார் 14 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். செலவைக் குறைக்கச் சமையல் அடுப்பை மூட்டிக் குளிர் காய்கிறார்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீராவி வரும். சுவரில் பனியாக உறைந்தது அதுதான். மின்சூடாக்கி வைக்கலாமே என்பார்கள். 30 ஆம்பியர் இணைப்பு தருவது 3,600 வாற்று; 1,500 வாற்றுச் சூடாக்கிகள் இரண்டை வைத்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

மொபைல் ஹோம் என்றாலும் குனிந்து அடியைப் பாருங்கள். தரைக்குக் கீழே குழாய்களை மூடியிருக்கும் அடித்துணி கிழிந்திருந்தால் குழாய் உறையும். கழிப்பறையைச் சுற்றிக் காலால் அழுத்துங்கள்; தரை அமுங்கினால் அடிப்பலகை ஊறிவிட்டது. கதவுகள் இறுகினால் நிலம் உறைந்து எழும்பி, வீட்டைத் தாங்கும் தூண்களை நகர்த்தியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிலம். வீட்டின் விலை மலிவு, நிலவாடகை மாதாமாதம் தனி. அந்த இடம் ஆண்டு முழுவதும் குடியிருக்க அனுமதி பெற்றதா, குளிர்காலத்தில் தண்ணீர் விநியோகத்தை நிறுத்திவிடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பருவகாலத் தளமாக இருந்தால் 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் பொதுவாக உங்களுக்குத் துணைக்கு வராது. வாங்கிய பிறகு என்னை அழைத்து என்ன பயன்? முற்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே டிரெயிலரில் குளிரோடு போராடிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். இன்றிரவு அடுப்பை அணைத்துவிட்டுப் படுங்கள். அடுப்பு எரியும்போது வரக்கூடிய மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கான எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சத்தம் வராவிட்டால், அதைச் சரிசெய்யவோ மாற்றவோ நாளை வரை பொறுக்காதீர்கள்.