வாங்குவதற்கு முன் பிளேடால் சுரண்டிப் பாருங்கள்

தைப்பொங்கல் கழிந்த கிழமை மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஓட்டோவில் அம்ப்ளிஃபயரையும் இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸையும் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "தம்பி, வலப்பக்கம் பாடுதில்லை. சில நேரம் கரகரக்குது, தட்டினா வருகுது, மறுகா போகுது. ஐசி போயிற்றுது போல" என்றார். ஐசி (அம்ப்ளிஃபயருக்குள் சத்தத்தைக் கூட்டும் சில்லு) போய்விட்டது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா நோய்க்கும் சொல்லும் ஒரே பெயர். சரி என்று மேசையில் வைத்து, என் வயரில் கொடுத்து, ஒரு மணித்தியாலம் பாடவிட்டேன். இரண்டு பக்கமும் பிசகில்லாமல் பாடியது. "வீட்டு வயரைக் கொண்டு வரல்லையா சேர்?" என்று கேட்டதும், வயருக்கு என்ன வரப்போகிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார். பின்னேரம் மகனிடம் கொடுத்தனுப்பிய வயரின் தோலைச் சீவினேன். செம்பு நிறம் எங்கேயும் இல்லை, பச்சைப் பொடி பூத்த கறுப்பு நூல்தான் இருந்தது. கொழும்பில் புது அம்ப்ளிஃபயர் ஒன்றுக்கு விலை கேட்டுவைத்திருந்த மனிதருக்குத் தேவைப்பட்டது 12 மீற்றர் வயர்.

இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் ஸ்பீக்கர் வயர் வாங்குவது பற்றி எழுதுகிறேன்.

நான் காண்பது இரண்டு விதமான ஆட்கள். ஒருவர் பல்ப் தொங்கவிடும் மெல்லிய வயரை ஜன்னல் வழியாக இழுத்துப் பொக்ஸுக்குக் கொடுத்திருப்பார். மற்றவர் கண்ணாடிபோல் பளபளக்கும் தோலுக்குள் விரல் மொத்தத்தில் செம்பு மின்னும் வயரை நல்ல காசு கொடுத்து வாங்கி, பெருமையாகக் கொண்டுவந்து காட்டுவார். ஏமாந்தவர் அநேகமாக இரண்டாமவர்தான், ஏனென்றால் அந்த மின்னலுக்குள் இருப்பது செம்பல்ல, அலுமினியம். மேலே மெல்லிசாகச் செம்பு பூசியிருப்பார்கள். சிசிஏ (செம்பு பூசிய அலுமினியம்) என்று பொதியின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்தால் கடைக்காரர் நேர்மையானவர் என்று சொல்லலாம், பல பொதிகளில் அதுவும் இருக்காது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறமே வந்தால் செம்பு. ஆனால் இதிலே ஒரு சிக்கல் உண்டு: சில நல்ல வயர்களில் செம்புக்கு மேல் ஈயப்பூச்சுப்போல வெள்ளீயம் பூசியிருக்கும், வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே சிவப்பு. அதைக் கண்டு அலுமினியம் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், கடற்கரைப் பக்கத்துக்கு அதுதான் திறமான வயர். பாரத்தையும் பார்க்கலாம். செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் பாரம், ஆகவே பெரிய சுருளாக இருந்தும் கையில் பஞ்சுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள். லைட்டரில் ஓர் இழையைக் காட்டினால் செம்பு சிவந்து கறுக்கும், அலுமினியம் தளர்ந்து உருகி அறுந்துவிடும், 660 பாகையில் உருகுகிற உலோகம் அது, செம்புக்கு 1085 வேண்டும். இந்த வேலையைக் கடைக்குள் வைத்துச் செய்யவேண்டாம், முதலாளி துரத்துவார். காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு, அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

அலுமினிய வயர் பாடாதா? பாடும். அதே மொத்தத்தில் (தடிப்பில்) செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை காட்டும், அவ்வளவுதான். 2.5 சதுர மில்லிமீற்றர் என்று சொல்லி விற்பது நல்ல செம்பில் 1.5க்குச் சமம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலையும் அதற்கேற்ப இருந்தால் குற்றமில்லை. ஆனால் அலுமினியம் வளைத்து வளைத்து எடுத்தால் முறியும், திருகாணிக்குக் கீழே நாளடைவில் நசுங்கித் தளரும், செம்புப் பூச்சு கீறின இடத்தில் உப்புக் காற்றுப் பட்டால் அரிக்கும். எங்கள் ஊரில் இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

வயர் எவ்வளவு மொத்தமாக இருக்கவேண்டும் என்பதற்கு வருவோம். கடையில் நல்ல ஃப்ளெக்ஸிபிள் வயரின் தோலில் அல்லது சுருளின் துண்டில் 24/0.20, 30/0.25, 50/0.25 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை இழை, இரண்டாவது ஓர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில். முறையே 0.75, 1.5, 2.5 சதுர மில்லிமீற்றர். இதைத் தெரிந்துகொண்டால் தோலின் மொத்தத்தைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை, தோல் தடித்து உள்ளே நூல் மாதிரி உலோகம் உள்ள வயர்கள் எத்தனையோ வெட்டிப் பார்த்திருக்கிறேன்.

நான் வைத்திருக்கும் கணக்கு பழைய கணக்குத்தான்: போய்வரும் இரண்டு கம்பியும் சேர்ந்த தடை, ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓமின் (தடையின் அளவு) இருபதில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 8 ஓம் பொக்ஸ் என்றால் 0.4 ஓம். 0.75 செம்பு வயர் ஏறக்குறைய 8 மீற்றர் தூரம் வரை இதற்குள் நிற்கும், 1.5 என்றால் 17 மீற்றர், 2.5 என்றால் 29. பொக்ஸ் 4 ஓமாக இருந்தால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். எங்கள் வீட்டு ஹோல்களில் அம்ப்ளிஃபயரிலிருந்து பொக்ஸுக்கு 5, 6 மீற்றர் இருந்தால் பெரிய விசயம், ஆகவே 30/0.25 செம்பு வயர் தொண்ணூறு வீதமான வீடுகளுக்குத் தாராளம் என்பேன். அதற்குக் கீழே 0.5 வயரில் 10 மீற்றர் இழுத்தால் 0.7 ஓம் அளவுக்குத் தடை வரும். சத்தம் கொஞ்சம் குறைவதோடு மட்டும் அது நிற்காது. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லாச் சுருதியிலும் 8 ஓமாக நிற்பதில்லை, ஏறி இறங்கும், அதனால் வயரில் தொலைவதும் சுருதிக்குச் சுருதி மாறும், பேஸ் தொளதொளவென்று வரும்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் கேட்பார், மாமாங்கக் கோயில் திருவிழாவில் மெல்லிய வயரில் எத்தனையோ கம்பம் தாண்டி ஹோர்ன் பாடுகிறதே என்று. நல்ல கேள்விதான். அது 100 வோல்ட் லைன். ஒவ்வொரு ஹோர்னிலும் ஒரு சின்ன டிரான்ஸ்போமர் இருக்கும், 100 வாட் அனுப்ப 1 அம்பியர் போதும். உங்கள் வீட்டு 8 ஓம் பொக்ஸுக்கு அதே 100 வாட் போக மூன்றரை அம்பியர் ஓடவேண்டும். கரண்ட் குறைந்தால் வயரில் தொலைவதும் குறையும். மின்சாரசபை தூரத்துக்கு அனுப்ப வோல்டேஜைக் கூட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

அப்புறம் உப்பு. நாவலடி, கல்லடி, காத்தான்குடி, கீழே கல்முனை வரை எழுவான்கரை முழுக்க ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையில் பத்து வருசம் கிடக்கும் வயர் இங்கே இரண்டு மூன்று வருசத்தில் நுனியில் பச்சை பிடிக்கும். அது மேலே மட்டும் நிற்பதில்லை, இழைகளுக்கிடையே தோலுக்குள் ஊர்ந்து உள்ளே போகும். வருசத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்ததும், இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தோல் சீவிப் பூட்டுங்கள். அதற்காகவே வாங்கும்போது ஒரு மீற்றர் கூட வாங்குங்கள். வெட்டிப் பார்த்தும் கறுப்பாகவே இருந்தால் வயரையே மாற்றவேண்டியதுதான்.

நுனிக்கு ஈயம் வைத்துப் பற்றினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் செய்தேன். திருகாணியால் இறுக்கும் இடத்தில் அது கூடாது. ஈயம் மெத்தென்ற உலோகம், அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து பிடி தளர்ந்துவிடும். வெறும் இழையை முறுக்கி இறுக்குங்கள், அல்லது கிரிம்ப் பண்ணிய (நசுக்கி இறுக்கிய) முனை போடுங்கள். முறுக்கும்போது ஓர் இழைகூட வெளியே நீட்டக்கூடாது. போன வருசம் ஒரு கல்யாண வீட்டுக்கு முதல் நாள் இரவு பொடியன் ஒருவன் அவசரத்தில் பூட்டி, சிவப்பும் கறுப்பும் ஓர் இழையால் தொட்டுக்கொண்டு, அம்ப்ளிஃபயரின் எஸ்டிகே வகை ஐசி புகைந்து என் மேசைக்கு வந்தது. அன்றைக்கு உண்மையாகவே ஐசி போயிருந்தது.

வயரின் ஒரு கரையில் கோடோ மேடோ இருக்கும். அது அழகுக்காக இல்லை. அந்தப் பக்கத்தைச் சிவப்புக்கு என்று முடிவெடுத்து இரண்டு பொக்ஸுக்கும் ஒரேமாதிரிப் பூட்டுங்கள். ஒன்று மாறினால் ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடுகிறவர் நடுவில் நிற்காமல் எங்கேயோ போய்விடுவார். இதை அறியாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்து சப்வூஃபர் வாங்கியவர்கள் உண்டு. பொக்ஸில் அடையாளம் அழிந்துபோயிருந்தால் 1.5 வோல்ட் பற்றரி ஒன்றைக் கணப்பொழுது தொட்டுப் பாருங்கள்: கோன் வெளியே வந்தால் பற்றரியின் கூட்டல் பக்கம் தொட்டதுதான் சிவப்பு.

டிவி, சீடி பிளேயரிலிருந்து அம்ப்ளிஃபயருக்கு உள்ளே வரும் ஆர்சிஏ வயருக்கு வேறு நியாயம். அங்கே ஓடுவது துளியளவு கரண்ட், சீடி பிளேயர் என்றால் பொதுவாக 2 வோல்ட் அளவுதான், ஆகவே மொத்தத்தால் பயனில்லை. கவனிக்கவேண்டியது சுற்றிவரும் வலையும் நுனியின் இறுக்கமும். டிவியோடு இலவசமாக வரும் நூல்போன்ற வயர்களில் வலை என்ற பெயரில் நாலைந்து இழைதான் சுற்றியிருக்கும், பக்கத்தில் கரண்ட் வயர் போனால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் நேரே உள்ளே வரும். நான் எனக்குச் செய்துகொள்வது ஆர்ஜி 59 என்ற கோஆக்சியல் வயரில், உள்ளே செம்புக் கம்பியும் செம்பு வலையும் உள்ளதாகப் பார்த்து, உலோக ஆர்சிஏ முனையை ஈயத்தால் பற்றவைத்து. டிஷ் அன்ரெனாவுக்கு வரும் ஆர்ஜி 6இல் இதைச் செய்யப் போகாதீர்கள், பெரும்பாலும் நடுவில் செம்பு பூசிய உருக்குக் கம்பியும் சுற்றி அலுமினியமுமாக இருக்கும், சாதாரண ஈயம் அதில் ஒட்டவே ஒட்டாது. தங்கப் பூச்சு முனை பாட்டை இனிமையாக்காது, ஆனால் தங்கம் கறுக்காது என்பதால் எங்கள் காற்றுக்கு அது வீண்செலவு இல்லை.

விலை கூடின வயர் பற்றியும் கேட்கிறார்கள். 2007இல் ஜேம்ஸ் ராண்டி என்ற அமெரிக்கர், ஆயிரக்கணக்கான டொலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் வயரைச் சாதாரண வயரிலிருந்து காதால் மட்டும் பிரித்துச் சொல்கிறவருக்குப் பத்து இலட்சம் டொலர் தருவதாகச் சொன்னார். பேச்சுவார்த்தை இழுபட்டு அந்தச் சோதனை நடக்காமலே போனது. நிலாக் காலத்தில் வாவியில் விட்ட துடுப்பின் நுனியைக் காதில் வைத்து, பாடும் மீனின் சத்தம் கேட்ட ஊர்க்காரர் நாங்கள், காதில் குறையில்லை, ஆனாலும் நல்ல 1.5 செம்பு வயருக்கும் அதைவிட இருபது மடங்கு விலையான வயருக்கும் என் கடையில் நான் வித்தியாசம் கேட்டதில்லை. ஓஎஃப்சி (ஒட்சிசன் நீக்கிய செம்பு) என்று போட்டிருப்பதும் அப்படித்தான், சாதாரண மின்வயர்ச் செம்பும் அதுவும் கரண்ட் கடத்துவதில் ஏறத்தாழ ஒன்றே. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பிறகு வெளிநாட்டுப் பொதி வயரின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. களனி, ஏசிஎல் போல இங்கே செய்கிற கம்பனிகளின் இரட்டை ஃப்ளெக்ஸிபிள் வயரை இலக்ட்ரிக் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டி வாங்குங்கள். மிஞ்சும் காசை நல்ல பொக்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் வீட்டுக் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. புது வயர் போட்டு இரண்டு கிழமையில் ஃபோன் எடுத்தார். "தம்பி, பாட்டு திறம். ஆனா டிவியைக் கொடுத்தா ம்ம்ம் என்று ஒரு சத்தம், இது முதல்ல இருக்கல்லையே." இருந்திருக்கும், பழைய வயரின் கரகரப்பில் கேட்டிருக்காது. போய்ப் பார்த்தேன். டிஷ் வயரைக் கழற்றினால் சத்தம் நின்றது, பூட்டினால் வந்தது. டிஷ் வழியாக ஓர் எர்த், பிளக் வழியாக இன்னோர் எர்த், இரண்டும் ஆர்சிஏ வலையில் வந்து சந்திக்கும்போது வருகிற இரைச்சல் அது. பக்கத்து வீட்டுப் பொடியன் பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் சரியாகும் என்று சொல்லியிருக்கிறான். சரியாகத்தான் செய்யும், ஆனால் அம்ப்ளிஃபயருக்குள் ஒரு கரண்ட் வயர் கழன்று பெட்டியில் பட்டால் 230 வோல்ட் தொடுகிறவர் கைக்கு வரும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். டிவியில் ஒப்டிகல் துவாரம் இருந்தது, ஒளியாகப் போகிற வயரில் எர்த் போகாது, ஆகவே ஒரு சின்ன மாற்றுப் பெட்டி வைத்து அதன் வழியாக அம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தேன். இரைச்சல் போயிற்று.

புறப்படும்போது பார்த்தேன், பழைய பச்சை வயரை எறியாமல் சுருட்டி விறாந்தையில் தொங்கவிட்டிருந்தார். புடலைப் பந்தலுக்குக் கட்டப் போகிறாராம்.