இருட்டில் வெளுக்கும் 4கே சாயம்

2019 ஏப்ரலில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் எட்டாம் பருவத்து மூன்றாம் பகுதி வெளியானது. 82 நிமிடம் ஓடும் அந்தப் பகுதி ஏறத்தாழ முழுவதும் இரவில் நடக்கும் போர். பார்த்தவர்களில் பலர், ஒன்றுமே தெரியவில்லை என்று கொதித்தார்கள். யார் வெட்டுகிறார், யார் விழுகிறார் என்று புரியவில்லை. கரிய வானம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. படம்பிடித்ததில் குறையில்லை, வீடு வந்து சேரும் வழியில் படம் சுருக்கப்பட்டதும், பார்ப்பவர்களின் தொலைக்காட்சிகள் சரியாக அமைக்கப்படாததும்தான் காரணம் என்றார் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர்.

நம் ஓடிடி தளங்களில் படம் பார்ப்பவர்களுக்கும் இது புதிதல்ல. பகல் காட்சிகள் பளிச்சென்று இருக்கும். மழை இரவு வந்தால், தெருவிளக்கைச் சுற்றிய மங்கல் ஒளி வளையம் வளையமாகப் படிகட்டி நிற்கும். படமும் 4கே, பெட்டியும் 4கே, பிறகு ஏன் இப்படி?

4கே என்பது திரையில் எத்தனை புள்ளிகள் என்பதை மட்டுமே சொல்கிறது. 3,840 பெருக்கல் 2,160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல்கள். அவற்றின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சொல்ல நொடிக்கு எவ்வளவு தகவல் வந்து சேர்கிறது என்பது வேறு கணக்கு. அதன் பெயர் பிட்ரேட். வீட்டில் படம் பார்க்க ப்ளூ-ரே போன்ற வட்டு நல்லதா, இணையம் வழி வரும் ஸ்ட்ரீமிங் நல்லதா என்ற வழக்கில் முக்கால்வாசித் தீர்ப்பை இந்த ஓர் எண்ணே எழுதிவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 24 ஃப்ரேம்கள், 10 பிட் நிற ஆழம், அதாவது ஒவ்வொரு நிற அளவையும் எழுத 0 அல்லது 1 என்ற இலக்கம் பத்து. நிற விவரத்தில் நம் கண் அவ்வளவு கூர்மையானதல்ல என்பதால் அதை வழக்கம்போல் நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வோம். அப்படியும் நொடிக்குச் சுமார் 300 கோடி பிட் தேவை. இரண்டரை மணி நேரப் படம் 3,300 கிகாபைட்டைத் தாண்டும். இதை 4கே ப்ளூ-ரே வட்டின் 100 கிகாபைட்டுக்குள் அடைக்க வேண்டுமானால் 33-இல் ஒரு பங்காக்க வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் 4கே படத்துக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட். அந்த அளவுக்குள் அடக்கினால் அதே படம் சுமார் 17 கிகாபைட்தான். ஏறக்குறைய 200-இல் ஒரு பங்கு. ஆக, சுருக்காத படம் எவர் வீட்டுக்கும் வருவதில்லை. எவ்வளவு சுருக்குகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

அந்தச் சுருக்கத்தின் அடித்தளத்தில் பெங்களூரில் பிறந்த ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, 1972-இல் ஒரு கணித உருமாற்றத்தை ஆராய நிதி கேட்டார். கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல் உழைத்து, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். கொசைன் உருமாற்றம் என்ற அந்த முறையும் அதன் வழித்தோன்றல்களும்தான் இன்று கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் முதல் டிவிடி, ப்ளூ-ரே, ஓடிடி வரை எல்லாவற்றிலும் வேலை செய்கின்றன. இந்த மூவரின் பெயரும் நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த உருமாற்றம் செய்வது இது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்ச மாற்றத்தையும் பல அலைகளின் கூட்டாக எழுதுகிறது. சில அலைகள் மெதுவாக ஏறி இறங்குபவை, சில நுணுக்கமாகத் துடிப்பவை. தெளிந்த வானம் என்றால் முதல் ஓரிரு அலைகளே போதும். இலை அடர்ந்த மரம் என்றால் நிறைய வேண்டும். இதுவரை இழப்பு எதுவும் இல்லை. இழப்பு அடுத்த படியில் நேர்கிறது. ஒவ்வோர் அலையின் அளவையும் ஓர் எண்ணால் வகுத்து, பின்னத்தைத் தள்ளி முழு எண்ணாக்குகிறார்கள். சிறிய அளவுகள் பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்களை எழுத இடமே தேவையில்லை. பிட் பற்றாக்குறை கூடக் கூட வகுக்கும் எண்ணும் பெரிதாகும், மேலும் பல அலைகள் பூஜ்யமாகும்.

இதோடு இன்னொரு சிக்கனமும் உண்டு. அடுத்தடுத்த ஃப்ரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றை முழுதாக அனுப்பிவிட்டு, பின்வருபவற்றில் எது எங்கே நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் அனுப்புகிறார்கள். அசையாத சுவரை நொடிக்கு 24 முறை அனுப்ப வேண்டியதில்லை அல்லவா?

இப்போது இரவுக் காட்சிக்கு வருவோம். இருட்டில் ஒரு சுவர் நிழலுக்குள் மெல்ல மங்குகிறது என்றால், அந்த மங்கல் முழுவதும் மிக நெருக்கமான சில வெளிச்ச நிலைகளுக்குள் நடந்து முடிகிறது. வேறுபாடுகள் அத்தனை சிறியவை. சிறியதைப் பூஜ்யமாக்கும் இயந்திரத்துக்கு அவைதான் முதல் பலி. ஆறு படிகளில் இறங்க வேண்டிய நிழல் இரண்டு படிகளில் இறங்குகிறது, படிகளின் விளிம்பு கோடாகத் தெரிகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் இருட்டின் நுண்மைகளை நம் கண் இன்னும் நன்றாகப் பிடிக்கும். குறையும் அதே அளவு துருத்திக்கொண்டு தெரியும்.

ஃபிலிமில் எடுத்த பழைய படங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஃபிலிமின் துகள்கள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில் சிதறிக் கிடக்கும். எது எங்கே நகர்ந்தது என்று கணிக்கும் முறை இங்கே தோற்றுப்போகிறது, ஏனெனில் எதுவும் நகரவில்லை. எல்லாமே புதிதாகப் பிறக்கின்றன. அவற்றை உள்ளபடி அனுப்ப பிட்டுகள் ஏராளமாக வேண்டும். பிட் இல்லாதபோது துகள்கள் வழித்தெடுக்கப்பட்டு, முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பாகின்றன. வேடிக்கை என்னவென்றால், நிழலின் படிக்கோடுகளை மறைத்துவைத்திருப்பதும் இந்தத் துகள்களே. அவை போனதும் கோடுகள் வெளியே வந்துவிடுகின்றன. சாதாரண ப்ளூ-ரே வட்டில் நிற ஆழம் 8 பிட்தான். ஆனாலும் நன்றாகச் செய்த வட்டில் நிழல் இயல்பாக மங்குவதற்கு, துகள்களைக் காப்பாற்றும் அளவுக்கு அதில் பிட் இருப்பதே காரணம்.

2018-இல் வெளியான ஏவி1 என்ற சுருக்க முறையில் இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. துகள்களை முதலிலேயே நீக்கிவிட்டு, அவை எப்படி இருந்தன என்ற வர்ணனையை மட்டும் அனுப்ப, வீட்டுக் கருவி அதுபோன்ற துகள்களைத் தானே உருவாக்கித் தூவும். அருமையான யோசனை. ஆனால் திரையில் தெரிவது கேமராவில் பதிந்த துகள் அல்ல.

வட்டுக்கு இவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது? விட்டம் 1982-இல் வந்த சிடிக்கு இருந்த அதே 12 சென்டிமீட்டர்தான். மாறியது ஒளி. வட்டில் சுழல் பாதையொன்றில் நுண்ணிய குழிகள் வரிசையாக இருக்கும். லேசர் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும் விதத்திலிருந்து தகவல் படிக்கப்படுகிறது. ஒளியின் அலைநீளம் குறைந்தால் அதை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல-ஊதா. பாதைகளுக்கு இடையிலான தூரம் 1.6 மைக்ரானிலிருந்து 0.74-க்கும், பிறகு 0.32-க்கும் இறங்கியது. ப்ளூ-ரேயின் ஓர் அடுக்குப் பாதையை நீட்டினால் சுமார் 27 கிலோமீட்டர் வரும்! காலியம் நைட்ரைடு என்ற பொருளில் நீல ஒளியைப் பிறப்பிக்க ஜப்பானில் பல ஆண்டுகள் போராடியிராவிட்டால் இது சாத்தியமே இல்லை. அந்த நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

100 கிகாபைட்டை இரண்டரை மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் நொடிக்குச் சராசரி சுமார் 89 மெகாபிட். அதைச் சீராகச் செலவழிக்க வேண்டும் என்பதும் இல்லை. பேச்சுக் காட்சியில் மிச்சம் பிடித்து, மழையும் புகையும் வரும் காட்சியில் 100 மெகாபிட்டுக்கு மேலும் வாரி இறைக்கலாம். வட்டு கைக்கு எட்டும் தூரத்தில் சுழல்வதால், வழியில் நெரிசல் என்ற பேச்சே இல்லை.

ஸ்ட்ரீமிங்கின் கவலை வேறு. ஒரே படத்தைப் பல தரங்களில் சுருக்கி, ஒவ்வொன்றையும் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். முந்தைய துண்டு எவ்வளவு வேகமாக வந்தது, கையிருப்பில் இன்னும் எத்தனை நொடிப் படம் இருக்கிறது என்று உங்கள் தொலைக்காட்சி கணக்கிட்டு, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என முடிவெடுக்கும். படம் நிற்கக் கூடாது என்பதே அதன் முதல் விதி. வீட்டில் மூவர் மூன்று திரைகளைப் பார்க்கும் ஞாயிறு மாலையிலும் படம் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். சொல்லாமல் தரம் இறங்குவதும் இதனால்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, இந்தியாவின் ஓடிடி நிறுவனங்கள் கூடிப் பேசி, கைப்பேசி இணையத்தில் படத்தரத்தை ஏப்ரல் 14 வரை 480பி என்ற குறைந்த தரத்துக்குமேல் போகாமல் நிறுத்தின. வலையமைப்பைக் காக்க எடுத்த நியாயமான முடிவு அது. ஆனால் வட்டில் இருக்கும் படத்தின் தரத்தை யாராலும் அப்படிக் குறைக்க முடியாது.

வட்டு என்றாலே உயர்வு என்று எண்ணிவிடக் கூடாது. விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள்தான். ஒரு வட்டில் 74 நிமிடம், அதனால்தான் நம் படங்கள் இரண்டு மூன்று வட்டுகளாக வந்தன. டிவிடி அதைவிட எவ்வளவோ மேல், ஆனால் இன்றைய நல்ல ஸ்ட்ரீமிங் அதை எளிதாக விஞ்சிவிடும். நேர்காணல், நகைச்சுவைத் தொடர், பகல் வெளிச்சக் குடும்பக் கதை ஆகியவற்றுக்கு ஓடிடியே தாராளம்.

ஒலியைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. எட்டு ஒலித்தடங்கள், நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 24 பிட்: மொத்தம் நொடிக்கு 9.2 மெகாபிட். ப்ளூ-ரே இதை ஒரு பிட்கூட இழக்காத முறையில் சுருக்கித் தருகிறது. நெட்ஃப்ளிக்ஸில் அட்மாஸ் என்ற சுற்றொலி முறைக்கு உச்ச அளவு நொடிக்கு 768 கிலோபிட். தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரில் வேறுபாடு தெரியாது. நல்ல ஸ்பீக்கர்கள் இருந்தால், பின்னணி இசையின் அடிநாதத்திலும் அமைதியான இடங்களின் மெல்லிய சத்தங்களிலும் அது தெரிய வரும்.

வட்டில் தரம் கூடுதல், ஆனால் அதை ஓட்டும் கருவிகள் குறைந்துகொண்டே வருகின்றன. சாம்சங் 2019-இல் புதிய ப்ளூ-ரே கருவிகளைக் கைவிட்டது, எல்ஜி 2024-இல். வட்டுகளைத் தபாலில் அனுப்பியே வளர்ந்த நெட்ஃப்ளிக்ஸ், அந்தச் சேவையை 2023 செப்டம்பர் 29-இல் மூடியது. ஓடிடியில் உரிம ஒப்பந்தம் முடிந்த படம் ஓரிரவில் பட்டியலிலிருந்து மறைந்துவிடும் என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் படத்தையும் வட்டில் வாங்கச் சொல்லமாட்டேன். இருளில் எடுத்தவை, ஃபிலிமில் எடுத்தவை, ஒலிக்காகத் திரும்பத் திரும்பப் பார்ப்பவை ஆகியவற்றுக்கு வட்டு தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், ஒரு பகுதியின் வட்டு வேறு பகுதியின் கருவியில் ஓடாதபடி பூட்டும் மண்டலக் குறியீட்டைக் கவனியுங்கள்: டிவிடியில் இந்தியா ஐந்தாம் மண்டலம், சாதாரண ப்ளூ-ரேயில் 'சி' மண்டலம். 4கே ப்ளூ-ரேக்கு அந்தப் பூட்டு இல்லை. எந்த நாட்டில் வாங்கினாலும் இங்குள்ள 4கே கருவியில் ஓடும்.