காருக்குப் பாலிஷ் போடச் சொல்வதற்கு முன் கீறலை நகத்தால் தடவிப் பாருங்கள்

மெஷின் பாலிஷில் கீறல் எப்படிப் போகிறது என்று பலரும் கேட்பதே இல்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டை, அதாவது கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சைத் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். கம்பெனி பெயிண்டில் அந்த மேல் படலம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. வெயிலிலிருந்து கலரைக் காப்பதும் அதுதான்.

நாகர்கோவிலில் எங்களிடம் வரும் வண்டிகளில் இரண்டு வகைக் கீறல் அதிகம். குலசேகரம், அருமனைப் பக்கத்து வண்டிகளின் கதவில் வேலிச்செடி இழுத்த நீளக் கோடுகள். குளச்சல், முட்டம் வண்டிகளின் பானெட்டில் சிலந்திவலை போல வட்டக் கோடுகள். ராத்திரி கடற்காற்றில் உப்பும் மணலும் படிந்திருக்கும். காலையில் தண்ணீர் ஊற்றாமல் பழைய துணியால் துடைத்தால் வேறென்ன வரும்?

கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். தட்டவில்லையென்றால் பெரும்பாலும் பாலிஷில் போய்விடும். நகம் மாட்டினால் மங்கும், முழுக்கப் போகாது. உள்ளே தகரம் தெரிந்தால் பாலிஷ் பேச்சே வேண்டாம், அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வைத்து டச்சப் செய்யுங்கள். கடலோரத்தில் அதைத் தள்ளிப்போட்டால் துரு பெயிண்டுக்கு அடியிலேயே ஓடும்.

கடைக்காரர் பெயிண்டின் கனம் காட்டும் கருவியான பெயிண்ட் கேஜ் வைத்து அளக்கிறாரா என்று பாருங்கள். கம்பெனி பெயிண்ட் மொத்தமாக 100 முதல் 140 மைக்ரான் வரை காட்டும். 400 காட்டினால் அந்தக் கதவு பட்டி பார்த்து மறுபடி பெயிண்ட் அடித்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் முகம் அங்கேயே வாடிவிடும். கேஜ் காட்டுவது மொத்தக் கனம்தான், கிளியர் கோட் மட்டும் எவ்வளவு மிச்சம் என்று சாதாரணக் கேஜ் சொல்லாது. அதனால் மெஷினில் மாட்டித் தேய்க்கும் பேடில் மென்மையானதில் தொடங்கி, போதவில்லையென்றால் மட்டுமே கடினமானதற்குப் போக வேண்டும்.

ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் ஒரே இடத்தில் நின்றால் சூடேறும். கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் பெயிண்ட் மெல்லிசு. அங்கே டேப் ஒட்டாமல் பேடை வைத்தால் நொடியில் கலருக்கு அடியில் இருக்கும் பிரைமர் தெரிந்துவிடும். சுழன்றபடியே ஆடவும் செய்யும் டிஏ மெஷினில் இந்த ஆபத்து குறைவு, நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

அப்புறம், இந்த ‘அரை மணி நேரத்தில் ஷோரூம் பளபளப்பு’. பெரும்பாலும் எண்ணெயும் மெழுகும் கீறலை அடைத்து மறைத்திருக்கும். நாலு வாஷில் எல்லாக் கோடும் திரும்ப வரும். டெலிவரி எடுக்கும்போது அந்த எண்ணெயை எடுத்துவிடும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலவையால் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் பணத்தை எடுக்காதீர்கள். கிளியர் கோட்டைத் தேய்க்கும் பசையான கம்பவுண்டை வருஷா வருஷம் போடச் சொல்லி எங்களிடம் வருபவர்களுக்கு நான் வாக்ஸ் மட்டும் போட்டு அனுப்பிவிடுகிறேன்.