இரட்டையாகத் தெரிவதெல்லாம் டபுள்டு டை இல்லை

போன வாரம் ஒருவர் பஞ்சு சுற்றிய சின்ன டப்பாவைத் திறந்து, ஒரு நாணயத்தை என் மேசையில் வைத்தார். ஆண்டு எண் இரட்டையாக விழுந்திருக்கிறது, டபுள்டு டை என்றார். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். ஒவ்வொரு இலக்கத்தின் ஓரத்திலும் படி வைத்தாற்போலத் தட்டையாக ஒரு பட்டை. வாரத்துக்கு இரண்டு பேராவது இதே நம்பிக்கையோடு வந்து, முகம் வாடிப் போகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டபுள்டு டை என்பது நாணயத்தை அடிக்கும் அச்சான டையிலேயே இருக்கும் பிழை. டை தயாரிக்கும்போது அதன்மீது ஹப்பை, அதாவது உருவம் மேடாக இருக்கும் மூல அச்சை, இரண்டாம் முறை அழுத்துகையில் இம்மி திரும்பியிருந்தாலும் இரண்டு உருவங்கள் பதிந்துவிடும். பிறகு அந்த டையில் அடிக்கும் எல்லா நாணயத்திலும் அதே இடத்தில் அதே இரட்டிப்பு வரும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட்டைப் பாருங்கள். ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே விலகித் தெரியும். இரண்டாவது உருவமும் முதல் உருவத்தைப் போலவே உருண்டு, மேடாக நிற்கும். எழுத்தின் முனைகளில் பிளவு இருக்கும்.

அவர் கொண்டுவந்தது மெஷின் டபுளிங். அடிக்கிற நேரத்தில் தளர்ந்த டை ஆடி, எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கித் தள்ளிவிடுகிறது. புதிதாக எதுவும் பதிவதில்லை. இருக்கிற எழுத்தில் ஒரு பகுதிதான் தட்டையாகிறது. டபுள்டு டையில் எழுத்து தடிக்கும், இதில் எழுத்து மெலியும். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி ஏமாற்றம் குறையும். ஒரே விளக்கின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள், அந்தத் தட்டைப் பட்டை பளிச்சென்று மின்னும்.

டை தேய்ந்தாலும் இரட்டை போலத் தெரியும். அதே 1955 சென்ட்டில் கடைசி 5 மட்டும் அப்படித் தெரியும் நாணயங்களுக்கு ‘ஏழையின் டபுள்டு டை’ என்றே பெயர். அதன் மதிப்பு வேறு, இதன் மதிப்பு வேறு.

அப்புறம், 1943இல் வழக்கமான சென்ட் எஃகில் அடித்தது; செம்பு நிறத்தில் ஒன்று கிடைத்தால் முதலில் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு. ஓரம் வெட்டுப்பட்ட நாணயமா? வெட்டுக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நாணயச்சாலையிலேயே நேர்ந்த அசல் வெட்டில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கிராமில் இரண்டு தசமம் காட்டும் தராசு இல்லாமல் பிழை நாணயம் வாங்காதீர்கள்.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது வேறு. அந்த நாணயத்தை அவர் பற்பசை போட்டுத் தேய்த்திருந்தார். புது நாணயத்தைச் சாய்த்தால் ஒளி சக்கரம்போலச் சுழலுமே, அது அடிக்கும்போது உலோகம் ஓடிய நுண்வரிகளிலிருந்து வருவது. தேய்த்தால் அந்த வரிகள் போய்விடும், திரும்ப வராது. தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்கிறோம், 60உம் அதற்கு மேலும் தேய்மானமே இல்லாதவை. தேய்த்துக் கழுவியதற்கு அந்த எண்ணையே தர முடியாமல், ‘டீடெய்ல்ஸ்’ என்று மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. அசல் பிழை உள்ள நாணயத்துக்கும் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் மனசு கேட்காது.

விளிம்பைப் பிடித்து எடுங்கள். மென்மையான பிவிசி உறையில் வைக்காதீர்கள், நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். சந்தேகம் என்றால் தயவுசெய்து அழுக்கோடு, அப்படியே கொண்டுவாருங்கள்.