புகையைக் கெட்டியாக்கினால்தான் பிடிக்க முடியும்

கனடாவின் சட்பரி நகரைச் சுற்றியுள்ள பாறைகள் கறுப்பாக இருக்கும். அது பாறையின் சொந்த நிறம் அல்ல, புகை பூசிய கறை.

சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் வந்து மோதிய இடம் அது. 1883-இல் ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டியபோது, அங்கே நிக்கலும் செம்பும் இருப்பது தெரிந்தது. ஆனால் அந்த உலோகங்கள் தனியாக இல்லை, இரும்போடும் கந்தகத்தோடும் பிணைந்து கிடந்தன. கந்தகத்தை விரட்ட ஆரம்பத்தில் கண்ட வழி மிக முரட்டுத்தனமானது. விறகை அடுக்கி, அதன்மேல் தாதுவைக் குவித்து, திறந்தவெளியில் மாதக்கணக்கில் எரியவிட்டார்கள். கந்தக டை ஆக்சைடு தரையோடு தரையாகப் பரவியது. விறகுக்கு வெட்டியது போக மிஞ்சிய மரங்களைப் புகை கொன்றது. பிடித்துக்கொள்ள வேர் இல்லாமல் போனதும் மண்ணை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது.

பின்னாளில் உலைகள் வந்தன, புகைபோக்கிகளும் உயர்ந்தன. 1972-இல் இயங்கத் தொடங்கிய புகைபோக்கியின் உயரம் 381 மீட்டர். ஊருக்குள் மூச்சு விடுவது எளிதானது உண்மைதான். ஆனால் கந்தகம் எங்கே போகும்? காற்றோடு தொலைதூரம் சென்று, மழையில் கரைந்து, அமிலமாக ஏரிகளில் இறங்கியது. சட்பரி வட்டாரத்தில் மட்டும் சுமார் 7,000 ஏரிகள் பாதிக்கப்பட்டன.

புகையைக் காற்றில் கலந்து நீர்த்துப்போக விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நமக்குத் தோன்றும். உருக்காலையைப் பொறுத்தவரை தீர்வு நேரெதிர்த் திசையில் இருக்கிறது. புகையைக் கெட்டியாக்க வேண்டும். பழைய உலைகள் எரிபொருளையும் சாதாரணக் காற்றையும் கொண்டு இயங்கின. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் என்பதால், வெளிவரும் வாயுவில் கந்தக டை ஆக்சைடு ஓரிரு சதவீதம்தான் இருக்கும். அவ்வளவு நீர்த்த வாயுவைப் பிடித்து அமிலமாக்குவது கட்டுப்படியாகாது.

காற்றுக்குப் பதில் ஆக்சிஜனைச் செலுத்தினால் கதையே மாறுகிறது. பொடியாக்கிய தாதுவும் ஆக்சிஜனும் உலைக்குள் சந்தித்த கணமே தாது தீப்பற்றும். தாதுவில் உள்ள கந்தகமும் இரும்புமே எரிபொருளாகிவிடுகின்றன. தனியாக எண்ணெயோ கரியோ பெரிதாகத் தேவைப்படாது. வெளிவரும் வாயுவும் அடர்த்தியாக இருக்கும். சட்பரியில் செம்புக்கு 1950-களிலேயே வந்த இந்த முறை, நிக்கலுக்கு 1990-களில்தான் வந்தது. இடையில் போன நாற்பது ஆண்டுகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம் நடப்பது வேதியியல். வாயுவிலிருந்து தூசியையும் ஈரத்தையும் அகற்றி, 400 டிகிரி செல்சியசுக்கு மேல் வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியின் வழியே செலுத்துகிறார்கள். கந்தக டை ஆக்சைடு, ட்ரை ஆக்சைடாகிறது. அதை நேரடியாகத் தண்ணீரில் கரைத்தால் பிடிக்க முடியாத அமில மூட்டமாகிவிடும். அதனால் ஏற்கெனவே இருக்கும் அடர் கந்தக அமிலத்தில் கரைக்கிறார்கள். 1 டன் கந்தகத்திலிருந்து சுமார் 3 டன் அமிலம் கிடைக்கும். உரத் தொழிலுக்கு வேண்டிய சரக்கு அது.

1960-களில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் அளவுக்குக் கந்தக டை ஆக்சைடு வெளியேறிய ஊர் இது. ஒண்டாரியோ மாகாண அரசு 1985-இல் கறாரான வரம்பு விதித்தது. மிகப் பெரிய ஆலைக்கு 1994-க்குள் ஆண்டுக்கு 2,65,000 டன் என்று கெடு. அந்த ஆலை பிற்பாடு அதையும் பெருமளவு குறைத்தது. 2020-இல் அந்த 381 மீட்டர் புகைபோக்கிக்கு வேலையே இல்லாமல் போனது.

எல்லாக் கந்தகமும் உலைக்குள் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிக்கல் குறைவாக உள்ள இரும்புச் சல்பைடை (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) முன்கூட்டியே பிரித்துக் கழிவுத் தேக்கத்தில் கொட்டுகிறார்கள். காற்றும் நீரும் பட்டால் அங்கும் அமிலம் ஊறும். கசியும் நீரைத் திரட்டிச் சுண்ணாம்பு சேர்த்து, உலோகங்களைப் படியவைத்த பிறகே வெளியே விட வேண்டும்.

சரி, செத்த நிலம்? 1978-இல் மாணவர்கள் சுண்ணாம்புக்கல் தூள் மூட்டைகளைக் குன்றுகளில் சுமந்து சென்று கையாலேயே தூவினார்கள். அமிலத்தன்மை குறைந்ததும், வேரை நஞ்சாக்கிக்கொண்டிருந்த செம்பும் நிக்கலும் அலுமினியமும் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொண்டன. பிறகு புல் விதைத்தார்கள். யாரும் நடாத பிர்ச் மரங்கள், காற்றில் வந்த விதையிலிருந்து தாமாகவே முளைத்தன. அன்றிலிருந்து நட்ட கன்றுகள் 1 கோடியைத் தாண்டிவிட்டன. நஞ்சான உலோகங்கள் இன்னும் அதே மண்ணில்தான் இருக்கின்றன, மரங்களின் அடியில்.